உயிரியலில் கருத்து வரைபடம்: படிப்பவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயிரியல் பாடத்துக்குக் கருத்து வரைபடம் போடுவது பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அம்புக்குறி பற்றிய பதிலை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், மற்றதெல்லாம் அதை நம்பித்தான் நிற்கிறது.

கருத்து வரைபடம் என்றால் சரியாக என்ன?

ஒரு பாடத்தில் வரும் முக்கியமான கருத்துகளைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதி, உறவுள்ள கட்டங்களை அம்புக்குறியால் இணைத்து, அது என்ன உறவு என்பதை அந்த அம்பின் மேலேயே ஓரிரு சொல்லில் எழுதுவது. அவ்வளவுதான். கட்டம், அம்பு, கட்டம் என்று வாசித்தால் ஒரு முழு வாக்கியம் கிடைக்க வேண்டும். "கணையம் – சுரப்பது – இன்சுலின்" என்பது ஒரு வாக்கியம், அது சரியா தவறா என்று வாதாடலாம். "கணையம் – இன்சுலின்" என்று வெறும் கோடு போட்டால் வாதாட அதில் ஒன்றுமே இல்லை. பொதுவான கருத்துகள் மேலேயும் குறிப்பானவை கீழேயும் வருவது வழக்கம், எடுத்துக்காட்டுகள் அடியில் வரும்.

மனவரைபடமும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. மனவரைபடத்தில் நடுவில் ஒரு தலைப்பு இருக்கும், அதிலிருந்து கிளைகள் பிரியும், நிறமும் படமும் சேர்ப்பார்கள். கிளையின் மேல் உறவை எழுத வேண்டிய கட்டாயம் கிடையாது, ஒரு கிளை இன்னொரு கிளையோடு பெரும்பாலும் சேராது. தோன்றுவதையெல்லாம் கொட்டிவைக்க அது நல்ல வழிதான், குறை சொல்லவில்லை. ஆனால் "இதயம்" என்று நடுவில் எழுதி அறைகள், வால்வுகள், தமனி, சிரை என்று கிளை பிரித்தால் பெயர்கள் நினைவிருக்கின்றன என்பது மட்டும்தான் தெரியும். மற்ற தமனிகளைப் போல இல்லாமல் நுரையீரல் தமனியில் மட்டும் ஏன் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் ஓடுகிறது என்பது அந்த மாணவருக்குப் புரிந்திருக்கிறதா என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இது யார் கண்டுபிடித்தது?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய ஆய்வுக் குழுவும், 1972-ல். சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் கருத்துகள் வருடத்துக்கு வருடம் எப்படி மாறிக்கொண்டு போகின்றன என்று அவர்கள் 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு அது. பிள்ளைகளோடு பேசி அதை எழுத்தில் எடுத்து வைத்தால் பக்கம் பக்கமாகக் குவிந்தது, அதில் எந்தக் கருத்து மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய பாடாக இருந்தது. அதனால் பேச்சில் இருந்த கருத்துகளையும் உறவுகளையும் பிரித்தெடுத்துப் படமாகப் போட ஆரம்பித்தார்கள். ஆக, இது பிறந்ததே ஒரு பிள்ளையின் மனசில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான், குறிப்பெடுக்க அல்ல. இதை நினைவில் வைத்திருந்தால் கீழே வரும் பல கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

அதற்கு அடித்தளம் டேவிட் ஆசுபெல் என்ற உளவியலாளர் 1960-களில் சொன்னது: கற்றலைத் தீர்மானிப்பதில் முதன்மையானது கற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதுதான், புதிய கருத்து பழையதில் போய் ஒட்டிக்கொண்டால்தான் அது பொருளுள்ள கற்றல், ஒட்டாவிட்டால் மனப்பாடம்.

உயிரியலுக்கு இது ஏன் அவ்வளவு பொருந்துகிறது?

உயிரியலில் கலைச்சொற்கள் அதிகம் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகப் படுவது, ஒரே பொருள் பல பாடங்களில் வேறு வேறு வேலையோடு திரும்பத் திரும்ப வருவது. குளுக்கோஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் அது விளைபொருள், செல் சுவாசத்தில் அதுவே மூலப்பொருள், செரிமானத்தில் ஸ்டார்ச் உடைந்து கடைசியில் கிடைப்பது, ஹார்மோன் பாடத்தில் இன்சுலின் கட்டுப்படுத்தும் அளவு, சிறுநீரகப் பாடத்தில் வடிகட்டப்பட்டு மறுபடி உறிஞ்சப்படுவது. ஐந்து பாடத்தையும் தனித்தனியாக நன்றாகப் படித்த பிள்ளைக்குக்கூட இது ஒரே குளுக்கோஸ்தான் என்று தோன்றாமலே போய்விடுகிறது. இன்னொன்று, மூலக்கூறில் ஆரம்பித்து செல், உறுப்பு, உயிரி, சூழல் மண்டலம் என்று உயிரியல் படிப்படியாக ஏறுகிறது, ஒரு படியில் நடப்பதற்குக் காரணம் இன்னொரு படியில் இருக்கிறது. பத்தி பத்தியாக எழுதும்போது இந்த ஏற்ற இறக்கம் தெரியாது, வரைபடத்தில் தெரியும்.

சரி, முதல் வரைபடத்தை எப்படித் தொடங்குவது?

தலைப்பில் தொடங்காதீர்கள், கேள்வியில் தொடங்குங்கள். "ரத்தச் சர்க்கரை" என்று எழுதினால் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முழிப்பீர்கள். "சாப்பிட்ட பிறகு ஏறும் ரத்தச் சர்க்கரை எப்படிப் பழைய அளவுக்குத் திரும்புகிறது?" என்று காகிதத்தின் மேலே எழுதிவிட்டால் எதைச் சேர்ப்பது எதை விடுவது என்பதை அந்தக் கேள்வியே சொல்லும்.

அப்புறம் அதற்கு விடை சொல்லத் தேவைப்படும் கருத்துகளை ஒரு பட்டியலாக எழுதுங்கள். 15 முதல் 25 வரை போதும், முதல் தடவை என்றால் 10 கூடப் போதும். இந்தக் கேள்விக்கு: குளுக்கோஸ், ரத்தம், கணையம், பீட்டா செல்கள், இன்சுலின், ஆல்ஃபா செல்கள், குளுக்ககான், கல்லீரல், தசை, கிளைக்கோஜன், எதிர்மறைப் பின்னூட்டம். ஒவ்வொன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெரிய தாளில் பரப்பி நகர்த்தி நகர்த்திப் பாருங்கள், எடுத்தவுடன் பேனாவால் கட்டம் போட்டுவிட்டால் அப்புறம் மாற்ற மனசு வராது. பொருந்தாத துண்டுகளை ஓரமாக வையுங்கள், கடைசி வரை ஓரத்திலேயே கிடப்பவைதான் உங்களுக்கு இன்னும் புரியாதவை, அங்கேதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

இந்த வரைபடத்தில் பெரும்பாலும் தகராறு வருவது கிளைக்கோஜனில். கல்லீரல், தசை இரண்டிலிருந்தும் அதற்கு அம்பு வரும், இரண்டும் அதைச் சேமிக்கின்றன, சரி. அதே மாதிரி இரண்டிலிருந்தும் "ரத்தத்துக்குக் குளுக்கோஸ் தருவது" என்று திரும்ப அம்பு போடுவார்கள், அது தவறு. கல்லீரல் ரத்தத்துக்குத் திருப்பித் தரும், தசையோ தன் கிளைக்கோஜனைத் தானே செலவழித்துக்கொள்ளும். பாடத்தைப் பத்து தடவை வாசித்தாலும் கண்ணில் படாமல் போகக்கூடிய வித்தியாசம் இது, அம்பு போடக் கையெடுத்தால் உடனே எதிரே வந்து நிற்கிறது.

அம்பின் மேல் என்ன எழுதுவது? "உள்ளது", "தொடர்புடையது" தவிர வேறு வரமாட்டேன் என்கிறதே?

கற்றல் நடக்கும் இடமே இதுதான். கட்டங்களை யார் வேண்டுமானாலும் புத்தகத்தின் தடித்த எழுத்துகளைப் பார்த்து நிரப்பிவிடலாம். அம்பின் மேல் எழுதும் சொல்லை எங்கிருந்தும் எடுக்க முடியாது, யோசித்தால்தான் வரும்.

"உள்ளது" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். "குரோமோசோமில் டிஎன்ஏ உள்ளது", "டிஎன்ஏவில் ஜீன் உள்ளது", "ஜீனில் டிஎன்ஏ உள்ளது", "ஜீனில் அல்லீல் உள்ளது" என்று நான்கு அம்புக்கும் இதையே போட்டுவிட்டுப் போகலாம், பார்க்க எல்லாமே சரி மாதிரி இருக்கும். இப்போது "உள்ளது" என்று எழுதக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள். குரோமோசோம் என்பது டிஎன்ஏ புரதங்களோடு சேர்ந்து சுருண்டு உருவான அமைப்பு, ஜீன் என்பது அந்த டிஎன்ஏவின் ஒரு பகுதி, அல்லீல் என்பது ஒரு ஜீனின் மாற்று வடிவம் என்று மூன்று வெவ்வேறு உறவுகள் வெளியே வரும். கடைசியில் இருந்த "ஜீனில் அல்லீல் உள்ளது" என்பது தவறான வாக்கியம் என்பதும் அப்போதுதான் தெரியும்.

பரிணாமப் பாடத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். "ஆன்டிபயாடிக்" என்று ஒரு கட்டம், "எதிர்ப்புத்தன்மை உள்ள பாக்டீரியா" என்று ஒரு கட்டம். நடுவில் "உருவாக்குவது" என்று எழுதுகிற மாணவரும் "கொல்லாமல் விட்டுவைப்பது" என்று எழுதுகிற மாணவரும் ஒரே பாடத்தைத்தான் படித்தார்கள், ஆனால் இரண்டாமவருக்குத்தான் இயற்கைத் தேர்வு புரிந்திருக்கிறது. முதலாமவர், மருந்தைப் பார்த்துப் பாக்டீரியா தன்னை மாற்றிக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு சொல்தான், அதில் முழுப் பாடமும் இருக்கிறது.

தமிழில் வரைபவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், ஆனால் அம்பு நடுவில் இருக்கிறது. அதனால் "கணையம் – சுரக்கிறது – இன்சுலின்" என்று வாசித்தால் தட்டும். "சுரப்பது", "சிதைந்து தருவது", "செயல்படும் இடம்", "ஒரு வகை" என்று முடியும்படி எழுதினால் வாக்கியம் ஒழுங்காக உட்காரும்: "கிளைக்கோஜன் – சிதைந்து தருவது – குளுக்கோஸ்", "இன்சுலின் – செயல்படும் இடம் – கல்லீரல்". வேற்றுமை உருபு வேண்டுமென்றால் அதையும் அம்பின் மேலேயே எழுதிக்கொள்ளலாம், தவறில்லை.

குறுக்கு இணைப்பு என்கிறார்களே, அது என்ன?

வரைபடத்தின் ஒரு பகுதியில் இருக்கும் கருத்தை, தொலைவில் வேறொரு பகுதியில் இருக்கும் கருத்தோடு சேர்க்கும் அம்பு. ஒளிச்சேர்க்கை பக்கமிருக்கும் "ஆக்சிஜன்", சுவாசம் பக்கமிருக்கும் "மைட்டோகாண்ட்ரியா" (செல்லுக்குள் சுவாசம் நடக்கும் நுண்ணுறுப்பு) இரண்டையும் சேர்ப்பது மாதிரி. ஒரு வரைபடம் போட்டு முடித்த பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கி, "இன்னும் சேராமல் இருக்கும் எந்த இரண்டைச் சேர்க்கலாம்?" என்று மட்டும் தேடுங்கள். நான் சொல்லிக்கொடுக்கும்போது மாணவர்களிடம் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான்.

புத்தகத்தைப் பார்த்து வரையலாமா, மூடி வைத்துவிட்டா?

மூடி வைத்துவிட்டு வரையுங்கள், முடிந்ததும் திறந்து வேறு நிற மையால் திருத்துங்கள்.

இதைப் பிடிவாதமாகச் சொல்லக் காரணம் உண்டு. 2011-ல் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்பிக்கி, ஜேனல் பிளண்ட் இருவரும் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழு பாடத்தை முன்னால் வைத்துக்கொண்டே கருத்து வரைபடம் போட்டது, இன்னொரு குழு படித்ததை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது, திரும்பப் படித்து மறுபடி எழுதியது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள்தான் முன்னால் இருந்தார்கள், கடைசிச் சோதனையே கருத்து வரைபடம் வரைவதாக இருந்தபோதும்கூட. கருத்து வரைபடத்தால் பயனில்லை என்று காட்ட இந்த ஆய்வை எடுத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே இருவர் 2014-ல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து வரைந்த கருத்து வரைபடம், நினைவிலிருந்து பத்தியாக எழுதியதற்கு இணையாகப் பலன் தந்தது. படமா பத்தியா என்பதைவிட, அது நினைவிலிருந்து வந்ததா பக்கத்திலிருந்து வந்ததா என்பதுதான் முக்கியம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆசிரியரே அழகாக வரைந்து கொடுத்துவிட்டால் நேரம் மிச்சமாகுமே?

நேரம் மிச்சமாகும், பலன் குறையும். 2018-ல் ஷ்ரோடர், நெஸ்பிட் முதலானோர் வெளியிட்ட தொகுப்பாய்வு, 11,814 பேர் பங்கேற்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கருத்து வரைபடத்தின் சராசரிப் பலன் அளவு (இதைப் பயன்படுத்தியவர்கள் மற்றவர்களைவிட எவ்வளவு முன்னால் இருந்தார்கள் என்று காட்டும் எண், பூஜ்யம் என்றால் வித்தியாசமே இல்லை) 0.58, அது நல்ல அளவுதான். அதையே பிரித்துப் பார்த்தால் தாங்களே வரைந்தவர்களுக்கு 0.72, பிறர் வரைந்ததைப் படித்தவர்களுக்கு 0.43. அதாவது கொடுத்ததைப் படித்தாலும் கொஞ்சம் உதவுகிறது, வரைந்தால் நன்றாகவே உதவுகிறது.

நடுவழி ஒன்று இருக்கிறது. ஐந்தாறு கட்டங்களை மட்டும் சரியான இடத்தில் வைத்து, சில அம்புகளை வெறுமையாக விட்டு, மீதியை மாணவர்கள் வளர்க்கும்படி ஓர் எலும்புக்கூடு வரைபடம் கொடுப்பது. வெற்றுத் தாளைக் கண்டால் மலைத்துப்போகிற பிள்ளைகளுக்கும், நோயெதிர்ப்பு மண்டலம் மாதிரி ஒரே நேரத்தில் இருபது புதுப் பெயர்கள் வந்து விழும் பாடங்களுக்கும் இது ஏற்றது. அம்பின் சொல்லை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

மாணவர்களின் தவறான புரிதலை இதில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் சேர்ந்த ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள், எந்த வகுப்பிலும் இந்த மூன்றும் வந்தே தீரும். முதலாவது, "தாவரம் – பகலில் செய்வது – ஒளிச்சேர்க்கை", "தாவரம் – இரவில் செய்வது – சுவாசம்". இரண்டாவது, மைட்டோகாண்ட்ரியாவுக்கு விலங்கு செல்லிலிருந்து மட்டும் அம்பு வரும், தாவர செல்லிலிருந்து வராது. மூன்றாவது, "மண்" என்ற கட்டத்திலிருந்து "தாவரத்தின் எடை" அல்லது "உணவு" என்ற கட்டத்துக்கு ஒரு தடித்த அம்பு, கார்பன் டை ஆக்சைடிலிருந்து அங்கே போகும் அம்பே இருக்காது.

இதில் வராத அம்புகளையும் பாருங்கள் என்று சொல்வேன், இருக்கும் தவறைவிட இல்லாத இணைப்புதான் அதிகம் சொல்லும். முதல் இரண்டு தவறும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்பவை: தாவர செல்லில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது என்று நினைப்பவருக்குத் தாவரம் எல்லா நேரமும் சுவாசிக்கிறது என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. சிவப்பு மையால் அடித்துவிடாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "வேர் செல்லில் பச்சையம் கிடையாது, நண்பகலில் அந்தச் செல்லுக்கு ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல், எங்கிருந்து கிடைக்கிறது?" வேர் என்ற கட்டத்தைச் சேர்த்தால் வரைபடத்தை அவர்களே உடைத்துத் திரும்பக் கட்டுவார்கள். மண் பற்றிய தவறு பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. 17-ம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் ஐந்து ஆண்டுகள் வளர்த்து, மண்ணின் எடை கிட்டத்தட்டக் குறையவே இல்லை என்று காட்டி, அப்படியானால் மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்துதான் வந்தது என்று முடிவு கட்டினார். காற்றுக்கான கட்டம் அவரிடமும் இல்லை.

வரைபடத்தின் வடிவத்தை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

ஓரளவு. இயன் கின்ச்சின் குழுவினர் 2000-ல் மாணவர் வரைபடங்களை மூன்று வடிவமாகப் பிரித்தார்கள்: எல்லாமே நடுவிலிருக்கும் ஒன்றோடு மட்டும் சேரும் ஆரக்கால் வடிவம், ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் சங்கிலி, பல திசையிலும் சேரும் வலை. சங்கிலியாகப் போடுபவர்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், பாடம் சொன்ன வரிசை அப்படியே இருக்கும், நடுவில் ஒரு கண்ணி தவறாகப் போனால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் தொங்கும், புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் இடம் இருக்காது. அதற்காக வலைதான் உயர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவும் முடியாது. ரத்தம் உறைதல் மாதிரி படிப்படியாக நடக்கும் ஒன்றுக்குச் சங்கிலிதான் பொருத்தம்.

இதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது?

நோவாக்கும் பாப் கோவினும் 1984-ல் ஒரு முறை சொன்னார்கள்: சரியான ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1, சரியான ஒவ்வொரு அடுக்குக்கும் 5, பொருளுள்ள குறுக்கு இணைப்புக்கு 10, எடுத்துக்காட்டுக்கு 1. குறுக்கு இணைப்புக்கு எவ்வளவு எடை என்று பாருங்கள். ஆனால் கூட்டல் மதிப்பெண்ணாக மட்டும் போட்டால் பிள்ளைகள் கட்டத்தை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், எண்ணிக்கை ஏறும், சிந்தனை ஏறாது. என் கருத்து: முதல் சில வரைபடங்களுக்கு மதிப்பெண்ணே வேண்டாம். அப்புறமும் தேவையென்றால் ஐந்து அம்புகளை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுத்து, அந்த ஐந்தும் எவ்வளவு துல்லியமாக இருக்கின்றன என்று பாருங்கள், நாற்பது தாள் திருத்துவதும் கையடக்கமாக இருக்கும்.

தனியாக வரைய வேண்டுமா, குழுவாகவா?

முதலில் தனியாக, பிறகு இருவர் மூவராகச் சேர்ந்து ஒன்றாக. நேரே குழுவில் விட்டால் பேனா ஒருவர் கையில்தான் இருக்கும். ஆளுக்கொரு வரைபடத்தோடு வந்தால் ஒரே அம்புக்கு இருவர் வேறு வேறு சொல் எழுதியிருப்பார்கள், அதில் எது சரி என்று பேசும் பேச்சுதான் நமக்கு வேண்டும்.

மென்பொருள் தேவையா?

கட்டாயம் இல்லை. வேண்டுமென்றால் சிமேப்டூல்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது, இதற்கென்றே செய்தது, கோடு போட்டதும் அதன் மேல் சொல் எழுத இடம் காட்டும். தொடங்கும்போது காகிதமே நல்லது.

எந்தப் பாடத்துக்கு இது ஒத்துவராது?

எலும்புகளின் பெயர்கள், வகைப்பாட்டுப் பட்டியல், படம் வரைந்து பாகம் குறித்தல் இவற்றுக்கெல்லாம் வேண்டாம், நேரம்தான் வீண். மரபியல் கணக்குக்கு வரைபடம் போட்டால் கணக்கு வந்துவிடாது, கணக்குப் போட்டால்தான் வரும், ஆனால் அல்லீல், ஜீனாக்கம், புறத்தோற்றம் மூன்றும் குழம்புகிறவர் முதலில் ஒரு சின்ன வரைபடம் போட்டுவிட்டு அப்புறம் கணக்குக்குப் போவது நல்லது.

தேர்வுக்கு இது உதவுமா? தேர்வில் வரைபடம் கேட்க மாட்டார்களே?

கேட்க மாட்டார்கள், ஆனால் "ஏன்", "எப்படி", "விளக்குக" என்று கேட்பார்கள். வரைபடத்தில் மேலிருந்து கீழாக ஒரு பாதையைப் பிடித்து, ஒவ்வொரு அம்பையும் ஒரு வாக்கியமாக எழுதிக்கொண்டே வாருங்கள், விடை தயாராக இருக்கும். தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் இதைத் தொடங்காதீர்கள், பழக்கமில்லாத கைக்கு முதல் வரைபடம் ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கும், அன்றைக்கு அந்த நேரம் உங்களிடம் இருக்காது.

வரைந்து முடித்த வரைபடத்தை என்ன செய்வது?

தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே கேள்விக்கு, பழையதைப் பார்க்காமல், புதிதாக ஒன்று வரையுங்கள், பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காணாமல் போன அம்புகள் மறந்தவை, அவற்றை மட்டும் திரும்பப் படித்தால் போதும். சொல் மாறியிருக்கும் அம்புகளை இன்னும் கொஞ்சம் நின்று பாருங்கள்: முதலில் "உதவுவது" என்று எழுதிய இடத்தில் இப்போது "வினையை விரைவாக்குவது" என்று இருந்தால் நொதி பற்றி உங்களுக்கு இருந்த புரிதல் நகர்ந்திருக்கிறது, சரியான சொல் போய் மறுபடி "உள்ளது" வந்திருந்தால் அந்த இடத்துக்குப் புத்தகத்தோடு திரும்பப் போக வேண்டும்.